கேள்வி கேட்கும் மரியாதை

சென்னையில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது ஒரே புகார்தான். ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு, சேருகிறேன் என்று மின்னஞ்சலும் அனுப்பிவிட்டு, சேரவேண்டிய நாளன்று பையன் போனை அணைத்துவிடுகிறான். வேலை தேடுகிறவர்களைக் கேட்டால் புகாரின் மறுபக்கம் கிடைக்கும். மூன்று சுற்று நேர்காணல் நடத்தி, ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று கைகுலுக்கியவர்கள் அதன்பின் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டும் உண்மை. ஒவ்வொரு தரப்பும் மறுதரப்பின் நாகரிகக் குறைவைக் காரணம் காட்டித் தன்னுடையதை நியாயப்படுத்திக்கொள்கிறது.

வேலை தேடும்போது எப்படி நடந்துகொள்வது என்பதும், கிடைத்த வேலை நமக்குப் பொருந்துமா என்பதும் நம்மிடையே தனித்தனி விஷயங்களாகவே பேசப்படுகின்றன. முன்னது கல்லூரிப் பயிற்சி வகுப்புகளின் கையில் இருக்கிறது. சட்டை நிறம், உட்காரும் விதம், ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது என்று அது முடிந்துவிடுகிறது. பின்னது வீட்டுத் திண்ணையில் முடிவாகிறது: சம்பளம் எவ்வளவு, பர்மனென்ட்டா, நைட் ஷிப்ட் உண்டா. என் பார்வையில் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. தெரிய வேண்டியதை நேராகக் கேட்பதும், கேட்டதற்கு உரிய காலத்தில் உண்மையான பதில் சொல்வதும்தான் நாகரிகம் என்று வைத்துக்கொண்டால், பொருத்தத்தை அறிய வேறு வழி தேட வேண்டியதில்லை.

பணிவு என்னும் சுவர்

நேர்காணல் முடியும் தருவாயில் ‘நீங்கள் எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ‘நோ சார், தேங்க் யூ சார்’ என்று எழுந்துவிடுகிறார்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, வேலை என்பது யாரோ மனமிரங்கித் தருவது. தருகிறவரைக் கேள்வி கேட்டால் கோபித்துக்கொண்டு எடுத்துவிடுவார் என்ற அச்சம். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இலட்சக்கணக்கான மாணவர்களைத் தொழில்திறன் பயிற்சிக்குள் கொண்டுவந்தது, நல்ல காரியம். ஆனால் பொதுவாக நம் பயிற்சிகள் எல்லாம் பதில் சொல்லத்தான் கற்றுத்தருகின்றன. கேட்கக் கற்றுத்தரும் வகுப்பை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

நம் மரபிலும் இந்தச் சாய்வு உண்டு. குறளில் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்று இரண்டு அதிகாரங்கள் ஆளை ஆராய்ந்து வேலை தருவதைப் பற்றி அரசனுக்குச் சொல்கின்றன. ‘மன்னரைச் சேர்ந்தொழுதல்’ அதிகாரம் அரசனிடம் வேலை செய்பவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. வேலைக்குப் போகிறவன் அரசனை ஆராய்வதற்கென்று தனி அதிகாரம் இல்லை. அந்தக் குறையைப் புறநானூறு ஈடுகட்டுகிறது. அதியமான் தன்னை நேரில் பார்க்காமலே கொடுத்தனுப்பிய பரிசைப் பெருஞ்சித்திரனார் வாங்க மறுத்த பாடல் அதில் இருக்கிறது. பசியோடு வந்த புலவர்தான். கொடுத்த விதத்தைப் பார்த்துக் கொடுத்தவரை எடைபோட்டார்.

இன்றைய நேர்காணலையும் அப்படி எடைபோடலாம். ஆய்வுகளும் அதற்கு உதவுகின்றன. ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதை எந்த வகைத் தேர்வுமுறை சரியாகக் கணிக்கிறது என்று உளவியலாளர்கள் நெடுங்காலமாக அளந்துவருகிறார்கள். 1998-இல் ஷ்மிட், ஹண்டர் இருவரும் வெளியிட்ட தொகுப்பாய்வும், 2022-இல் சாக்கெட்டும் சகாக்களும் அதைத் திருத்தி எழுதியதும் பல இடங்களில் மாறுபடுகின்றன. ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: எல்லோரிடமும் வேலை சார்ந்த ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், வாய்க்கு வந்ததைக் கேட்கும் அரட்டை நேர்காணலைவிடத் தெளிவாக மேல். இது நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு. வேலை தேடுகிறவரும் இதைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கலாம். உங்கள் வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், அப்பா என்ன செய்கிறார் என்பதிலேயே அரைமணி நேரம் போக்கிய இடம், அந்த நாற்காலிக்கு யார் வேண்டும் என்று இன்னும் யோசிக்கவில்லை என்று பொருள்.

அப்பாவைப் பற்றிய கேள்வி வெறும் உபசாரமும் அன்று. தில்லி வட்டார நிறுவனங்களின் மேலாளர்களை நேர்கண்டு ஜோத்காவும் நியூமனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், திறமை ஒன்றே அளவுகோல் என்று சொன்ன அதே மேலாளர்கள் ‘குடும்பப் பின்னணி’யைத் தவறாமல் விசாரித்ததாகத் தெரியவந்தது. அதே ஆண்டு தோரட்டும் அட்டெவெல்லும் வெளியிட்டது இன்னும் கடுமையானது. நாளிதழ் விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம், உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் சாதிப் பின்னொட்டு பெரும்பாலும் இல்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அதற்குப் பதிலாக ‘சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி இருக்கிறது.

பெண்களிடம் கேட்கப்படுவது வேறு. கல்யாணம் எப்போது, குழந்தை இருக்கிறதா, மாமியார் வீட்டில் சம்மதமா. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை ஐபோன் பொருத்தும் வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றிய அரசு தமிழ்நாட்டிடம் அறிக்கை கேட்டது. பிறகு வயது, பால், மணநிலை ஆகியவற்றை விளம்பரங்களில் குறிப்பிடக் கூடாதென்று ஆளெடுக்கும் ஏஜென்சிகளுக்கு நிறுவனம் அறிவுறுத்தியதாகவும் செய்தி வந்தது. பெண் என்பதற்காக ஆளெடுப்பில் பாகுபாடு காட்டுவதை 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே தடுத்திருந்தது. சட்டம் இருந்தும் கேள்வி நிற்கவில்லை. இப்படிக் கேட்கப்படும்போது சண்டை போடவும் வேண்டாம், குடும்பக் கதையை விரிக்கவும் வேண்டாம். ‘வேலை நேரத்துக்கு வருவதில் எனக்குத் தடை எதுவும் இல்லை’ என்று சொல்லிவிட்டு, ஷிப்ட் நேரத்தையும் பஸ் வசதியையும் திருப்பிக் கேட்டுவிடலாம். அதற்குக் கிடைக்கும் முகபாவம் ஒரு தகவல்.

தெரிந்தவர் மூலம்

சிபாரிசு என்றால் நமக்குக் கூச்சம். ஆனால் உலகெங்கும் வேலை அப்படித்தான் கைமாறுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை ஆராய்ந்து மார்க் கிரானோவெட்டர் 1974-இல் எழுதிய நூலில், பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமே வேலை பெற்றதாகக் கண்டார். அந்தத் தெரிந்தவர் பெரும்பாலும் நெருங்கிய நண்பரோ உறவினரோ அல்லர், எப்போதாவது பார்த்துக்கொள்பவர். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தள்ளி இருப்பவரிடம்தான் புதுச் செய்தி இருக்கும்.

இதற்குத் தமிழில் ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, வழியில் கண்ட இன்னொருவனுக்கு எந்த வழியாகப் போவது, எங்கே தங்குவது, கொடுப்பவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி இந்த வகைதான். இன்று ரெஃபரல் கேட்பவர் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த வரிசையை. ‘அண்ணா, உங்க கம்பெனியில ஏதாவது இருந்தா சொல்லுங்க’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரியும் பயோடேட்டாவும் அனுப்பினால் எதிர்முனையில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. குறிப்பிட்ட வேலையைச் சொல்லி, அதற்குத் தான் எப்படித் தகுதி என்று நான்கு வரி எழுதி, முதலில் கால் மணி நேரப் பேச்சைக் கேட்க வேண்டும். அந்தப் பேச்சில் சிபாரிசைவிடப் பெரியது கிடைக்கும்: அங்கே வாழ்க்கை எப்படி இருக்கிறது என்ற நேர்முக வர்ணனை. சிபாரிசு செய்தவரின் பெயரும் நம்மோடு உள்ளே போகிறது என்பதால், சேருவதில்லை என்று முடிவானால் ஹெச்.ஆருக்கு முன்பே அவருக்குச் சொல்லிவிட வேண்டும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவைத் தெரிவிப்பது குறைந்தபட்சக் கடன்.

பயோடேட்டாவில் பொய் சொல்வதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ‘ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ்’ போட்டுத்தரும் கடைகள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். 2014-இல் வந்த யு.ஏ.என். எண்ணின்கீழ் ஒருவர் பி.எஃப். பிடித்த எல்லா இடங்களும் தேதியோடு வரிசையாக நிற்கின்றன. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் அதையும் பார்க்கிறார்கள். இடைவெளி இருந்தால் இடைவெளி என்றே எழுதலாம். அம்மாவுக்கு உடல்நலமில்லை, போட்டித் தேர்வுக்குப் படித்தேன் என்று ஒரு வரி போதும், டி.என்.பி.எஸ்.சி.க்காக இரண்டு மூன்று ஆண்டு கொடுக்காத தெரு தமிழ்நாட்டில் இல்லை.

ஆறு இலட்சம் என்றால் எவ்வளவு?

பொருத்தத்தை அளப்பதில் முதல் இடறல் சம்பளம். சி.டி.சி., அதாவது நிறுவனம் நமக்காகச் செலவிடும் மொத்தத் தொகை, ஆண்டுக்கு ஆறு இலட்சம் என்றால் மாதம் ஐம்பதாயிரம் என்று வீட்டில் இனிப்பு கொடுத்துவிடுகிறார்கள். கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 25,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 3,000 ரூபாய்; அது இந்த ஐம்பதாயிரத்துக்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டிக்கு என்று அடிப்படையில் 4.81 சதவீதம், சுமார் 1,200. வேரியபிள் பே பத்து சதவீதம் என்றால் மாதத்துக்கு 5,000. அது ஆண்டு முடிவில் வரலாம், குறையலாம். மிச்சம் 40,800. அதில் நம் பங்கு பி.எஃப். 3,000 போக 37,800. தொழில் வரி, மருத்துவக் காப்பீடு பிடித்தம் எல்லாம் இனிமேல்தான். ஐம்பதுக்கும் முப்பத்தேழுக்கும் உள்ள தூரம் ஒரு வீட்டு வாடகை. ‘கையில் எவ்வளவு வரும், எழுத்தில் பிரித்துத் தர முடியுமா?’ என்று கேட்பது பேராசை ஆகாது. ஒழுங்கான ஹெச்.ஆர். ஒரே நாளில் அனுப்பிவிடுவார். ‘முதலில் சேருங்கள், பிறகு பார்க்கலாம்’ என்பவரிடம் சேர்ந்த பிறகும் பார்க்க முடியாது.

சட்டமும் இப்போது கொஞ்சம் துணை நிற்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், நியமனக் கடிதம் தருவது கட்டாயம். விலகினாலும் நீக்கப்பட்டாலும் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை ஊதியமாகவே கணக்கிடப்படும். அடிப்படையைச் சுருக்கி பி.எஃப்.-ஐக் குறைக்கும் பழைய தந்திரத்துக்கு அது வைத்த செக். நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி பெற ஐந்தாண்டு வேலை வேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டு போதும். ஒப்பந்த வேலை என்றால் தாழ்வு என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றையாவது கவனிக்க வேண்டும். தாளில் இருப்பது தரையில் எவ்வளவு இறங்குகிறது என்பது ஒவ்வொரு கம்பெனியிலும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது.

எல்லாச் சம்பளமும் சி.டி.சி. பாஷை பேசுவதில்லை. திருப்பூரில் வேலை கேட்டுப் போகிறவர் பீஸ் ரேட்டா, ஷிப்ட் சம்பளமா என்று கேட்பார். ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் பன்னிரண்டு மணி நேரம் என்பது அவருக்குத் தெரியும். சனிக்கிழமைச் சம்பளம் தவறாமல் வருகிறதா என்பதைக் கேட் அருகே டீ குடிப்பவர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போவார். பட்டதாரிகளைவிட டெய்லர்கள் இந்த விஷயத்தில் தேர்ந்தவர்கள் என்று எனக்குத் தோன்றியதுண்டு. கேட்க ஆளில்லாமல் போனதன் கொடுமைக்கும் அதே வட்டாரம் சாட்சி. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நூற்பாலைகள் இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்னன. இடையில் உடல் முடியாமல் வெளியேறியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. சம்பளத்தின் பெரும்பகுதி கடைசியில்தான் என்று சொல்லும் எந்த வேலையையும், அது எவ்வளவு குளிரூட்டிய அலுவலகத்தில் இருந்தாலும், இந்தக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது நல்லது.

எந்த வேலை யாருக்கு?

ஆளையும் வேலையையும் பொருத்திப் பார்க்கும் துறை பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் எழுதி, அவர் மறைந்தபின் 1909-இல் வெளியான நூலோடு வேர் பிடித்தது. தன்னை அறி, வேலையை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்றார். 1959-இல் ஜான் ஹாலண்ட் மனிதர்களையும் வேலைச் சூழல்களையும் வகைகளாகப் பிரித்தார். இன்று இணையத்தில் உலவும் ஆர்வச் சோதனைகளில் பல அவர் வழி வந்தவை. எனக்கு இவற்றில் பாதி நம்பிக்கைதான். மெக்கானிக்கல் படித்தவரும் கெமிக்கல் படித்தவரும் ஒரே நாளில் ஒரே மென்பொருள் நிறுவனத்தின் கேம்பஸ் தேர்வில் உட்காரும் நாட்டில், ஆர்வம் எந்த வகை என்று தெரிந்து என்ன செய்வது? அதைவிடப் பயன் தருவது, அந்த வேலையில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிக் கழிகிறது என்று அறிவது.

இதற்கும் ஆய்வு உண்டு. வேலையின் கசப்பான பக்கத்தையும் முன்கூட்டியே காட்டிச் சேர்த்தால் விலகுவோர் ஓரளவு குறைகிறார்கள் என்று ஜான் வானஸ் முதலியோர் 1970-களிலிருந்து எழுதிவந்திருக்கிறார்கள். பலன் சிறியது, ஆனால் செலவு ஏறக்குறைய இல்லை. நிறுவனம் தானாகச் சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும். எனக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் என்ன ஆனார்? என் மேலாளராகப் போகிறவரோடு பேச முடியுமா? சனிக்கிழமை போன் வருமா? டார்கெட் எவ்வளவு, போன வருடம் எத்தனை பேர் அதைத் தொட்டார்கள்? பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்தால் எத்தனை நாள் பொறுப்பீர்கள்? கேட்கும் தொனியில் மரியாதை இருந்தால் இவற்றில் ஒன்றுகூடத் தவறான கேள்வி அன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பெண் கேட்டால் எதிரில் இருப்பவருக்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

போக்குவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் வீடு, சிறுசேரியில் அலுவலகம் என்றால் கூகுள் மேப் ஞாயிறு காலை காட்டும் நேரத்தை நம்பி ஆஃபரை ஏற்கக் கூடாது. ஒரு வேலைநாளில், ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஒன்றுமே கேட்காமல் தரப்படும் வேலை தனி ரகம். அனுபவம் வேண்டாம், ஆங்கிலம் தெரிந்தால் போதும், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, உடனே டிக்கெட் என்ற விளம்பரத்தை நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைபட்டவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். 2022-இல் ஒரு குழு மீட்கப்பட்டுச் சென்னை திரும்பியது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பதிவு உண்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். உள்ளூரில் ‘ரெஜிஸ்ட்ரேஷன்’, ‘டிரெயினிங்’, ‘லேப்டாப் டெபாசிட்’ என்று பணம் கேட்கும் கன்சல்டன்சிகளுக்கும் அதே சந்தேகம் பொருந்தும். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில தனியார் கல்லூரிகளில் இன்னும் இருக்கிறது. நகல் தருகிறேன், அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள் என்று சொல்ல அஞ்ச வேண்டாம்.

கையெழுத்தும் கைவிடுதலும்

பாண்ட் விஷயத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. பாண்டில் கையெழுத்துப் போட்டால் அடிமை என்பது ஒன்று; பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது என்பது மற்றொன்று. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, வேலையை விட்டபின் அதே தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை வேறு. விஜயா வங்கியில் மூன்றாண்டுக்குமுன் விலகினால் இரண்டு இலட்சம் என்ற ஷரத்தை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி ஒவ்வோர் இடத்தையும் மீண்டும் முறைப்படி நிரப்ப ஆகும் செலவை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகவே தொகை என்ன, எதற்காக, பயிற்சி உண்மையிலேயே தரப்படுகிறதா என்று கேட்டுவிட்டே கையெழுத்திட வேண்டும்.

ஆஃபரை ஏற்றபின் வேறு நல்ல ஆஃபர் வந்தால்? இதில்தான் நண்பர்கள் கூட்டம் இரண்டாகப் பிரியும். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட் வைத்திருக்கின்றன. அந்த மூன்று மாதத்தில் கையிலிருக்கும் ஆஃபரைக் காட்டி இன்னொன்று, அதைக் காட்டி மற்றொன்று என்று ஏலம் விடுவது 2021, 2022-இல் சாதாரணமாகிவிட்டது. அடுத்து வந்த மந்தத்தில் நிறுவனங்கள் பதிலுக்கு, ஆஃபர் தந்த ஃப்ரெஷர்களை மாதக்கணக்கில் சேர்க்காமல் காக்கவைத்தன. நான் சொல்வது இதுதான்: நிறுவனம் குறித்த தேதியைத் தள்ளிப்போட்டால் நீங்களும் வாக்கிலிருந்து விடுபடுகிறீர்கள், அது தேதியைக் காப்பாற்றும்வரை நீங்களும் காப்பாற்றுங்கள். குடும்பச் சூழல் மாறி, மனம் மாறி விலகுவது குற்றமில்லை. சொல்லாமல் மறைவதுதான் குற்றம். ‘வீட்டில் பேசிவிட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறேன்’ என்று அவகாசம் கேட்பதை எந்த நல்ல நிறுவனமும் மறுக்காது. பழைய கம்பெனி கவுண்டர் ஆஃபர் தந்து, நீங்கள் இருந்துவிடுவதென்று தீர்மானித்தால், புதிய இடத்துக்கு அன்றே தெரிவித்துவிடுங்கள்.

இந்தக் கணக்கில் கடைசியாக எடைபோட்டால் பெரிய கடன் நிறுவனங்களின் பக்கமே இருக்கிறது. அதிகாரம் அவர்களிடம், தகவலும் அவர்களிடம். நிராகரிக்கும் ஒரு வரி மின்னஞ்சலை மென்பொருளே அனுப்பிவிடும் காலத்தில் மௌனத்துக்குச் சாக்கு இல்லை. ஆள் எடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், அடுத்த விளம்பரத்தில் ‘சம்பளம்: தகுதிக்கேற்ப’ என்பதை எடுத்துவிட்டுத் தொகையை எழுதுங்கள், வேலை நேரம், இடம், பாண்ட் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். வேலை தேடுகிறவராக இருந்தால், ஏற்கப் போவதில்லை என்று தீர்மானித்த ஆஃபர் ஏதேனும் கையில் இருக்குமானால், அந்த மறுப்பை இன்றே எழுதி அனுப்புங்கள். அந்த நாற்காலிக்கு அடுத்த பெயர் பட்டியலில் காத்திருக்கிறது.